மூன்று வேரியன்ட், ஒரு வீல்சேர்: தருமபுரிக் குடும்பம் ஒன்று ஹைப்ரிட் கார் தேர்ந்தெடுத்த விதம்

பின்னணி

தருமபுரி நகரில் ஐந்து பேர் கொண்ட குடும்பம். மனைவிக்கு 46 வயது. பென்னாகரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. போக வர நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் அவரேதான் காரோட்டுகிறார். கணவர் சொட்டுநீர்ப் பாசனக் குழாய்க் கடை வைத்திருக்கிறார். கணவரின் தாயாருக்கு 74 வயது. முழங்கால் அறுவைக்குப் பிறகு வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடப்பார். வெளியே அதிகம் நடக்க வேண்டிய இடங்களுக்கு மடக்கு வீல்சேர் வேண்டும். மகள் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். மகன் பிளஸ் 1; ஏறக்குறைய ஆறடி வளர்ந்துவிட்டான்.

இருந்தது பதினோரு ஆண்டு ஓடிய ஒரு சிறிய டீசல் கார். 2025 ஜூலையில் கிளட்ச்சும் டர்போவும் ஒரே மாதத்தில் செலவு வைத்தன. புது வண்டி வாங்குவது என்று முடிவானது. எல்லாம் சேர்த்து 20 லட்சத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது கணவர் வைத்த வரம்பு.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இன்சூரன்ஸ் சர்வேயராக வேலை பார்க்கிறேன். ஆசிரியையின் அண்ணனும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். "நீங்களும் கூட வந்து பாருங்கள் அண்ணா, எங்களுக்கு இதெல்லாம் புரியவில்லை" என்று அவர் கேட்டதால் தொடக்கம் முதல் உடனிருந்தேன். குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

பிளக்-இன் என்ற எண்ணம் வந்ததும் போனதும்

கணவரின் தம்பி பிரிட்டனில் இருக்கிறார். அவர் வைத்திருப்பது பிளக்-இன் ஹைப்ரிட்; பெட்ரோல் இன்ஜினோடு, வெளியிலிருந்து சார்ஜ் போடக்கூடிய பேட்டரியும் மின்மோட்டாரும் உள்ள வண்டி. இரவில் வீட்டில் சார்ஜ் போட்டால் மறுநாள் அலுவலகம் போய் வரும் வரை பெட்ரோலே எரிவதில்லை என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். "அண்ணி போய் வருகிற 60 கிலோமீட்டருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும்" என்பது அவர் வாதம். கணக்கு தவறில்லை. அந்த வகையில் பேட்டரி பெரியது. டொயோட்டாவின் ராவ்4 பிளக்-இன் 2020-இல் வந்தபோது அதன் பேட்டரி 18.1 கிலோவாட் மணி. மின்சாரத்தில் மட்டும் ஏறத்தாழ 68 கிலோமீட்டர் ஓடும் என்று அமெரிக்கச் சோதனை சான்றளித்தது.

ஆனால் இந்த அளவில், இந்த விலையில் அப்படி ஒரு வண்டி அப்போது இந்தியாவில் விற்பனையில் இல்லை. இங்கே கிடைப்பது ஸ்ட்ராங் ஹைப்ரிட். 2022-இல் வந்த டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டிலும் அந்த வகை உண்டு. அதன் பேட்டரி 0.76 கிலோவாட் மணிதான். வெளியிலிருந்து சார்ஜ் போட முடியாது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலும், இன்ஜினின் உபரி ஆற்றலும் பேட்டரிக்குப் போகும். மெதுவாகப் போகும்போது அது மோட்டாரைச் சுழற்றும். பேட்டரி சிறியதாக இருந்தாலும் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால்தான் மைலேஜ் கூடுகிறது.

முழு மின்சார வண்டியையும் பேசிப் பார்த்தோம். அவர்கள் வீடு பழைய தெருவில் இருக்கிறது. வண்டி நிற்பது வாசலுக்கு எதிரே, பொதுத் தெருவில். சார்ஜர் மாட்டச் சுவரில்லை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பிளக்-இன் கிடைத்திருந்தாலும் இதே இடத்தில்தான் முட்டியிருக்கும் என்பதைக் கணவரிடம் எடுத்துச் சொன்னேன். அதன்பின் அவர் தம்பியின் காரைப் பற்றிப் பேசவில்லை.

அவர்களுக்குப் பிடித்த மாடலில் மைல்ட் ஹைப்ரிட், ஸ்ட்ராங் ஹைப்ரிட் இரண்டும் இருந்தன. மைல்ட் வகையில் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்க மட்டுமே செய்யும்; தனியாக வண்டியை ஓட்டாது. ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓடும் வீடு. மைல்ட் வண்டி லிட்டருக்கு 15, ஸ்ட்ராங் வண்டி 22 கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டில் ஏறக்குறைய 380 லிட்டர் பெட்ரோல் மிச்சம். ஸ்ட்ராங் ஹைப்ரிட் என்று உறுதி செய்தோம். அதில் வசதிக்கும் விலைக்கும் ஏற்ப கீழ், நடு, டாப் என்று மூன்று வேரியன்ட். எதை எடுப்பது என்பதுதான் மீதமிருந்த கேள்வி.

ஷோரூமில் கண்டவை

ஆகஸ்ட் முதல் வாரத்தில் சென்றோம். விற்பனையாளர் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். எந்த வசதி எந்த வேரியன்ட்டில் என்று எழுபதுக்கும் மேற்பட்ட வரிகள். மகன் ஒவ்வொரு வரியாக டிக் எண்ணத் தொடங்கினான். டாப் வேரியன்ட்டில்தான் டிக் அதிகம். அதுதான் சிறந்தது என்று அவனுக்குத் தோன்றியது இயல்பே.

நான் அந்தத் தாளில் மூன்றுக்கும் பொதுவான வரிகளை முதலில் அடித்தேன். ஆறு ஏர்பேக், சறுக்கலைத் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், பின்சீட்டில் மூவருக்கும் மூன்று முனை சீட் பெல்ட். எல்லாம் கீழ் வேரியன்ட்டிலேயே இருந்தன. என் தொழிலில் நொறுங்கிய வண்டிகளை மட்டுமே பார்க்கிறேன். எனக்கு இந்த வரிகள்தான் பெரிது. விபத்தில் உயிர் காக்கும் சாதனங்களில் மூன்றும் ஒன்றே என்று தெரிந்ததும் பாதி பாரம் இறங்கியது. கூடுதல் பணம் எதற்குக் கொடுக்கிறோம் என்பதை இனி நிதானமாகக் கேட்கலாம்.

அடுத்து, தாளை மடித்து வைத்துவிட்டு ஆட்களை வண்டியில் உட்கார வைத்தோம்.

ஆசிரியையின் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கீழ் வேரியன்ட்டில் ஓட்டுநர் சீட்டை முன்பின் நகர்த்தலாம், உயர்த்த முடியாது. அவர் உட்கார்ந்து கைகளை ஸ்டீயரிங்கில் வைத்தபோது கண் மட்டம் டாஷ்போர்டு விளிம்புக்குச் சற்றே மேலே இருந்தது. வண்டிக்கு முன்னால் ஒரு தண்ணீர் கேனை வைத்து, "தெரிகிறதா?" என்று கேட்டேன். நான்கு எட்டுப் பின்னால் நகர்த்திய பிறகுதான் "இப்போது தெரிகிறது" என்றார். நடு வேரியன்ட்டில் சீட்டை உயர்த்தும் நெம்புகோல் இருந்தது. ஸ்டீயரிங்கையும் மார்புக்கு நேராக இழுத்துக்கொள்ள முடிந்தது. கேனை மறுபடி வண்டியருகே வைத்து நகர்த்தியபோது, இரண்டு எட்டிலேயே அதன் மூடி தெரிந்தது. பள்ளிவிடும் நேரத்தில் வாசலில் பிள்ளைகள் குறுக்கே ஓடும் இடத்தில் தினமும் வண்டியெடுக்கும் ஒருவருக்கு இந்த இரண்டு எட்டு எவ்வளவு பெரியது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கீழ் வேரியன்ட் அந்த இடத்திலேயே கைவிடப்பட்டது.

டாப் வேரியன்ட்டின் முக்கியக் கவர்ச்சி கூரை நெடுகக் கண்ணாடி. பின்சீட்டில் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணாடிச் சட்டத்தில் தலைமுடி உரசியது. அதே இடத்தில் நடு வேரியன்ட்டில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. மதியம் ஒரு மணி வெயிலில் நின்ற வண்டி அது; கண்ணாடிக்குக் கீழே இழுத்து மூடும் துணி மெல்லியது. பாட்டி சற்று நேரத்திலேயே முந்தானையால் விசிறிக்கொள்ளத் தொடங்கினார். "அத்தை, ஏசி போட்டால் சரியாகிவிடும்" என்று மருமகள் சொன்னார். "வண்டி ஓடும்போது சரி அம்மா. ஆஸ்பத்திரி வாசலில் உங்களுக்காக நான் காத்திருப்பேனே, அப்போது?" என்று கேட்டார் பாட்டி.

டாப்பில் உண்மையிலேயே பயனுள்ளவை இரண்டு: நாலாபுறமும் காட்டும் கேமரா, முன்சீட்டில் காற்று வரும் வசதி. அவர்கள் தெருவின் அகலத்தைப் பார்த்தவன் என்ற முறையில் கேமராவை நான் லேசாக ஒதுக்கவில்லை.

வீல்சேரை அன்று நாங்கள் எடுத்துப் போகவில்லை. என்னிடமும் அந்த எண்ணம் எழவில்லை. தாளில் டிக்கி கொள்ளளவு மூன்று வேரியன்ட்டுக்கும் ஒன்றாகவே இருந்ததால் அந்த வரியையும் 'பொது' என்று அடித்துவிட்டேன். ஒன்றாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தேனே ஒழிய, போதுமா என்று பார்க்கவில்லை. இந்த நிகழ்வில் என் பெரிய பிழை இதுவே.

தொப்பூர் இறக்கம்

ஷோரூம்காரர்கள் ஊருக்குள் நான்கு கிலோமீட்டர் சுற்றிக் காட்டி டெஸ்ட் டிரைவை முடிக்கப் பார்த்தார்கள். மகளைப் பார்க்க மாதம் இருமுறை சேலம் போகும் குடும்பம் இது. தொப்பூர் கணவாயில் இறங்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று வற்புறுத்தினேன். தேசிய நெடுஞ்சாலை 44-இல் தருமபுரியிலிருந்து சேலம் திசையில் தொடர்ந்து இறங்கும் அந்தச் சாலையில், இரட்டைப் பாலம் அருகே பிரேக் பிடிக்காமல் வந்த லாரிகள் மோதிய வண்டிகளை எத்தனையோ முறை சர்வே செய்திருக்கிறேன். பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் என் கை தானாக சீட் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கும்.

ஆசிரியை ஓட்டினார். விற்பனையாளர் முன்னால், நானும் கணவரும் பின்னால். இறக்கம் தொடங்கியதும் திரையில் பேட்டரிக் கோடுகள் மளமளவென்று ஏறின. சிறிது தூரத்திலேயே பேட்டரி நிறைந்துவிட்டது. அதுவரை சத்தமின்றி வந்த வண்டியின் இன்ஜின் திடீரென உறுமியது. ஆக்சிலரேட்டரில் அவர் காலே இல்லை. பயந்துபோய், "ஏதோ ஆகிவிட்டது அண்ணா!" என்றார். விற்பனையாளருக்கும் விளக்கத் தெரியவில்லை.

கெட்டுப்போனது எதுவும் இல்லை. இறக்கத்தில் பிரேக்கில் வீணாகும் ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்ப்பது இந்த வண்டியின் வேலை. 0.76 கிலோவாட் மணி என்பது சிறு குடம். நீண்ட இறக்கத்தில் சீக்கிரம் நிறைந்துவிடும். அதற்குமேல் சேர்க்க இடமில்லாதபோது வண்டி பெட்ரோல் செலுத்தாமல் இன்ஜினைச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியின் தடையால் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. கியர் லீவரை 'B' என்ற ஆங்கில எழுத்துக்கு இழுத்தால் இந்த இன்ஜின் பிரேக்கிங் தொடக்கத்திலிருந்தே கிடைக்கும். அவர் இழுத்தார்; காலை பிரேக்கில் அழுத்தியே வைத்திருக்க வேண்டிய தேவை குறைந்தது. பிரேக் சூடாகித் தளர்வதைத் தடுக்கும் வழி அதுதான். இரண்டாவது கியரில் ஊர்ந்து இறங்கும் லாரி ஓட்டுநர்கள் செய்வதும் அதுவே.

இது மூன்று வேரியன்ட்டிலும் ஒன்றுபோல் இருப்பது. ஆயினும் அந்தப் பயணத்துக்குப் பிறகு வீட்டில் பேச்சின் போக்கு மாறியது. கூரைக் கண்ணாடியைப் பற்றிய பேச்சு குறைந்து, ஓட்டுகிறவருக்கு எது உதவும் என்ற பேச்சு வந்தது.

காத்திருப்பும் கொட்டேஷனும்

புக்கிங் செய்யும் நேரத்தில், ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறைக்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம் என்றேன். செப்டம்பர் 22 முதல் இந்த வகை வண்டிக்கு வரியும் செஸ் என்ற கூடுதல் தீர்வையும் சேர்ந்து 43 சதவீதமாக இருந்தது 40 ஆனது. சிறிய கார்களுக்குக் கிடைத்த அளவு பெரிய குறைப்பு இல்லை. எனினும் டாப் வேரியன்ட்டில் அதன் விளைவு எதிர்பாராதது. முன்பு அதன் ஷோரூம் விலை 20 லட்சத்தைச் சற்றுத் தாண்டி நின்றது. இப்போது 19 லட்சத்து 85 ஆயிரம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 18 சதவீதம். 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். ஆக விலையும் இறங்கியது, வரி விகிதமும் இறங்கியது.

கணவர் மகிழ்ந்துபோய் டாப் வேரியன்ட்டையே, கறுப்புக் கூரை கொண்ட இரட்டை வண்ணத்தில் கேட்டார். அந்த வண்ணத்துக்கு 20,000 ரூபாய் கூடுதல். கொட்டேஷனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விலை 20 லட்சத்து 5 ஆயிரம். சாலை வரி 4 லட்சத்து 1,000. ஒற்றை வண்ணத்தில் அதே வண்டிக்குச் சாலை வரி 3 லட்சத்து 57 ஆயிரம்தான். 20,000 ரூபாய் வண்ணம் சாலை வரியில் மட்டும் இன்னொரு 43,700 ரூபாயை இழுத்து வந்திருந்தது. விற்பனையாளர் அதைச் சொல்லவில்லை. கவனித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஒற்றை வண்ணத்தில், எல்லாச் செலவும் சேர்த்து வந்த தொகை இது: கீழ் வேரியன்ட் 20 லட்சத்து 42 ஆயிரம், நடு 22 லட்சத்து 75 ஆயிரம், டாப் 24 லட்சத்து 39 ஆயிரம். ஷோரூம் விலையில் நடுவுக்கும் டாப்புக்கும் வித்தியாசம் 1 லட்சத்து 35 ஆயிரம். கையை விட்டுப் போவது 1 லட்சத்து 64 ஆயிரம். வேரியன்ட் விலை ஒரு லட்சம் ஏறினால் சாலை வரி 18,000, டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) ஆயிரம், இன்சூரன்ஸில் கொஞ்சம் என்று எல்லாம் கூடவே ஏறும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குப் பிடிக்கும் ஒரு சதவீத டிசிஎஸ்ஸை மட்டும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆசிரியைக்கு அது தெரிந்திருந்தது.

முடிவு

நடு வேரியன்ட், வெள்ளை நிறம். வரம்பு 20-லிருந்து 23 லட்சத்துக்குப் போனது. கீழ் வேரியன்ட்டில் ஓட்டுகிறவருக்குப் பார்வை கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்தக் கூடுதலைக் கணவர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்.

டாப்பை விடுவது அவருக்கு எளிதாக இல்லை. "கடைக்கு வருகிற விவசாயிகள் என்னை வண்டியை வைத்துத்தான் எடை போடுவார்கள் சார்" என்றார். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்; கடன் கொடுத்து வாங்கும் தொழிலில் தோற்றத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் கண்ணாடிக் கூரை வீட்டில் இருவருக்கு இடைஞ்சல். காற்று வரும் சீட் முன்னால் உட்காருகிறவர்களுக்கு மட்டும்; பாட்டி பின்னால்தான் உட்காருவார். மீதமிருப்பது கேமரா. ஒரு கேமராவுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுப்பதா என்று கேட்டேன். ஓர் இரவு யோசித்துவிட்டு, மறுநாள் அவரே போன் செய்து நடு வேரியன்ட்டுக்கு அட்வான்ஸ் கட்டச் சொன்னார்.

வெளிக் கடையில் கேமரா மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். ஒயரை வெட்டி இணைத்தால் வாரண்டியில் சிக்கல் வரும். அதுவும் உயர் மின்னழுத்தம் ஓடும் ஹைப்ரிட்டில். சீட் கவர் விஷயத்திலும் கண்டிப்பாக இருந்தேன். பக்கவாட்டு ஏர்பேக் முன்சீட்டின் ஓரத்தில் தைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கென்று தைக்காத கவரைப் போட்டால் ஏர்பேக் விரிய வழியில்லை. ஆறு ஏர்பேக் இருக்கிறது என்று பார்த்து வாங்கிவிட்டு, அதில் இரண்டை மூவாயிரம் ரூபாய் உறையால் கட்டிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டெலிவரி நாள்

தீபாவளி முடிந்த வாரம் வண்டி வந்தது. பூஜை போட்டுப் பாட்டியை ஏற்றினார்கள். மகன் வீல்சேரை மடக்கி டிக்கியில் வைத்தான். கதவு மூடவில்லை. குறுக்கே வைத்தான், படுக்க வைத்தான். ஒரு சாண் அளவுக்கு வெளியே நின்றது.

ஹைப்ரிட் பேட்டரி டிக்கியின் தரைக்குக் கீழே இருக்கிறது. அதனால் தரை உயர்ந்துவிடுகிறது. இதே மாடலின் மைல்ட் ஹைப்ரிட்டில் அந்த உயரம் இல்லை. அதாவது வித்தியாசம் வேரியன்ட்டுகளுக்குள் இல்லை; இன்ஜின் வகையில் இருந்தது. நாங்கள் மூன்று வேரியன்ட்டை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. பின்சீட்டில் ஒரு பாகத்தை மடித்ததும் வீல்சேர் உள்ளே போனது. அதோடு ஓர் ஆள் உட்காரும் இடமும் போனது. அன்று மகள் சேலத்தில் இருந்ததால் யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று மாதத்துக்குப் பின்

ஜனவரி இறுதியில் வண்டி 4,600 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பென்னாகரம் சாலையில் லிட்டருக்கு 23 கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போனால் 19. ஊருக்குள்ளும் நிதான வேகத்திலும்தான் ஹைப்ரிட் மிச்சப்படுத்தும் என்பதற்கு இது பொருந்துகிறது. மார்கழிப் பனியில் பின்கண்ணாடி வைப்பர் தினமும் பயன்பட்டதாக ஆசிரியை சொன்னார். கீழ் வேரியன்ட்டில் அது இல்லை. சீட் நெம்புகோலை முதல் நாள் ஏற்றி வைத்தவர் பிறகு தொடவேயில்லை. தொப்பூரில் இப்போது தானாகவே 'B'-க்கு மாற்றுகிறார்.

கேமரா இல்லாத குறை இருக்கிறது. டிசம்பரில் வாசலில் திருப்பும்போது இடது பின்கதவு ஒரு திண்ணை மூலையில் உரசியது. கணவர் என்னிடம் குற்றமாக எதுவும் சொல்லவில்லை. நானாகவே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வீல்சேர்ச் சிக்கல் தீரவில்லை. தை மாதம் அரூரில் ஒரு திருமணத்துக்கு ஐவரும் போக வேண்டியிருந்தது. மகளும் மகனும் பஸ்ஸில் போனார்கள். சக்கரம் கழற்றக்கூடிய, எடை குறைந்த வேறொரு வீல்சேரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மாற்ற வேண்டியவை

அடுத்த குடும்பத்தோடு போகும்போது வேரியன்ட் தாளைத் திறக்கும் முன் டிக்கியைத் திறப்பேன். அந்த வீட்டில் தவறாமல் வண்டியேறும் பொருள் எதுவோ, அதை முதல் நாளே ஷோரூமுக்குக் கொண்டுவரச் சொல்வேன். ஐவரும் உட்கார்ந்த நிலையில் அதை உள்ளே வைத்துக் கதவை மூடிக் காட்டச் சொல்வேன். மைல்ட் ஹைப்ரிட்டையும் பெட்ரோல் கணக்கோடு நிறுத்திவிடாமல் டிக்கி அளவிலும் ஒப்பிடுவேன். இந்தக் குடும்பத்துக்கு அப்படிச் செய்திருந்தால் ஆண்டுக்கு 380 லிட்டர் பெட்ரோலா, ஐந்தாவது இருக்கையா என்ற கேள்வியை அவர்கள் தெரிந்தே எதிர்கொண்டிருப்பார்கள்.

கேமரா விஷயத்தில், டெஸ்ட் டிரைவ் வண்டியை அவர்கள் வாசலுக்கே கொண்டுவரச் செய்து, ஆசிரியையைத் திருப்பச் சொல்லியிருக்க வேண்டும். தொப்பூருக்கு வற்புறுத்திய நான், இருநூறு அடி நீளமுள்ள அந்தத் தெருவுக்கு வற்புறுத்தவில்லை.

இதை எழுதும் முன் பாட்டியிடம் ஒப்புதல் கேட்கப் போனேன். "எழுதுங்கள் தம்பி. ஆனால் என் நாற்காலியால்தான் பிள்ளைகள் பஸ்ஸில் போனார்கள் என்று எழுதிவிடாதீர்கள்" என்றார். அவருடைய நாற்காலி ஆறு ஆண்டுகளாக அதே அளவில்தான் இருக்கிறது. அதை அளக்காமல் விட்டது நான்.